கெர்னலை இளைக்க வைக்கும் பேட்சுகள்: தனியாகச் சுமப்பதா, மெயின்லைனுக்கு அனுப்புவதா, லிங்கரிடம் விடுவதா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து இருபது கிலோபைட் வெட்டும் பேட்ச் (குறியீட்டில் செய்யும் மாற்றங்கள் அடங்கிய கோப்பு) ஒன்றை ஒரே மாலையில் எழுதிவிடலாம். யாருக்கும் தேவைப்படாத ஒரு ப்ராக் கோப்பு (கெர்னல் தன் நிலையைக் காட்டும் /proc கோப்பு), யாரும் படிக்காத பிழைச் செய்திகள், நம் கருவியில் இல்லாத வன்பொருளுக்கான ஒரு கிளை, இப்படி ஏதாவது கண்ணில் படும், வெட்டுவோம், பூட் ஆகும், சந்தோஷம். சுமார் ஒன்பது பத்து வாரம் கழித்து அடுத்த கெர்னல் பதிப்பு வரும்போதுதான் அந்த மாலைக்கான பில் வருகிறது. அப்புறம் ஒவ்வொரு பதிப்புக்கும் வருகிறது.

அதனால் இங்கே நான் ஒப்பிடுவது பேட்சுகளை அல்ல, அவற்றைச் சுமக்கும் வழிகளை. நான்கு வழிகள் இருக்கின்றன: கெர்னலின் அதிகாரபூர்வ மூலக்குறியீட்டு மரத்துக்கு வெளியே தனித் தொகுப்பாக வைப்பது, அந்த மரத்திலேயே, அதாவது மெயின்லைனில் சேர்ப்பது, கம்பைலரையும் (குறியீட்டை இயந்திர மொழிக்கு மாற்றுவது) லிங்கரையும் (மாற்றிய துண்டுகளை ஒன்றாக இணைப்பது) வெட்டச் சொல்வது, பழைய பதிப்பிலேயே உறைந்து போவது. நான்காவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன்.

அதற்கு முன், "அளவு" என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதி விவாதங்கள் இங்கேதான் குழம்புகின்றன. ஃபிளாஷில் இடம் போதவில்லை என்றால் உங்கள் கவலை சுருக்கப்பட்ட இமேஜ். ரேம் போதவில்லை என்றால் கவலை விரிந்த பிறகு இருக்கும் டெக்ஸ்ட் (நிரல்), டேட்டா (தொடக்க மதிப்புள்ள தரவு), பிஎஸ்எஸ் (பூஜ்யத்தில் தொடங்கும் தரவு), அதோடு கெர்னல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம். கெர்னல் அச்சிடும் பிரிண்ட்கே செய்திகளை எடுத்தால் ரேமில் நன்றாகவே மிச்சமாகும், ஆனால் அவை வெறும் எழுத்துகள், எல்இசட்எம்ஏ சுருக்கமுறை அவற்றை ஏற்கெனவே நசுக்கி வைத்திருக்கும், அதனால் ஃபிளாஷில் எதிர்பார்த்த பலன் வராது. ஃபிளாஷுக்கு இன்னொரு குசும்பும் உண்டு. 64 கிலோபைட் அழிப்புத் தொகுதிகளாகப் பிரிந்த சிப்பில், மூன்று கிலோபைட் குறைத்தால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், எல்லைக்கோட்டில் நின்றிருந்தால் ஒரு முழுத் தொகுதியே விடுபடவும் செய்யலாம். கெர்னலோடே வரும் ப்ளோட்-ஓ-மீட்டர் ஸ்கிரிப்ட் இரண்டு விஎம்லினக்ஸ் (சுருக்கப்படாத கெர்னல்) கோப்புகளை ஒப்பிட்டு எந்தச் செயல்கூறு எத்தனை பைட் வளர்ந்தது, சுருங்கியது என்று காட்டும். அருமையான கருவி, ஆனால் அது காட்டுவது சுருக்கப்படாத கணக்கு என்பதை மறந்துவிட்டு ஃபிளாஷ் கணக்கில் எழுதி ஏமாந்தவர்கள் நிறைய. நானும்தான்.

தனித் தொகுப்பு

இதன் முன்னோடி லினக்ஸ்-டைனி. மாட் மக்கால் 2003 டிசம்பரில், 2.6 கெர்னல் வெளிவரும் தறுவாயில், அளவு குறைக்கும் பேட்சுகளை ஒரே மரமாகத் திரட்டி வெளியிட்டார். ப்ளோட்-ஓ-மீட்டரும் அவர் எழுதியதுதான். சில வருடங்களில் அந்த மரம் வாடியது. 2007-இல் நுகர்பொருள் மின்னணு நிறுவனங்களின் லினக்ஸ் மன்றம் அதற்கு மறுபடி தண்ணீர் ஊற்ற, மைக்கேல் ஓப்டெனாக்கர் பராமரிப்பை எடுத்துக்கொண்டார். அந்த அறிவிப்புக்கு மூத்த கெர்னல் பராமரிப்பாளர் ஆண்ட்ரூ மார்ட்டன் எழுப்பிய ஆட்சேபம்தான் இந்த ஒப்பீட்டின் மையக் கேள்வி: எதற்குத் தனி மரம், மெயின்லைனில் சேர்ப்பதைத்தானே இலக்காக வைக்க வேண்டும்? அவர் சொன்னது பெருமளவு சரி என்று காலம் காட்டிவிட்டது. டைனி மரத்திலிருந்து மெயின்லைனுக்குப் போனவை பிழைத்தன, மரத்திலேயே தங்கியவை மரத்தோடு போயின.

ஆனாலும் தனித் தொகுப்பு செத்துவிடவில்லை. ரவுட்டர்களுக்கான லினக்ஸ் விநியோகமான ஓப்பன்டபிள்யூஆர்டி இன்றைக்கும் அப்படித்தான் வாழ்கிறது. அவர்கள் பேட்சுகளை மூன்று அலமாரியில் வைக்கிறார்கள்: மெயின்லைனில் ஏற்கெனவே சேர்ந்து, பழைய பதிப்புக்கு இறக்கியவை 'பேக்போர்ட்', அனுப்பக்கூடியவை 'பெண்டிங்', யாரும் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தே வைத்திருப்பவை 'ஹேக்'. அளவு குறைப்புப் பேட்சுகளில் பலவும் அந்த மூன்றாவது அலமாரியில்தான் கிடக்கின்றன. இந்தப் பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடுகிறது என்பேன், ஏனென்றால் ஒவ்வொரு பேட்சும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் முகவரியிலேயே இருக்கிறது.

அந்த ஹேக் அலமாரியில் ப்ராக் கோப்புகளைக் குறைக்கும் பேட்ச் ஒன்று உண்டு. முதல் தடவை பார்த்தபோது பயந்தேன்: கோப்பு முறைமை, ஐபிசி (செயல்முறைகளுக்கிடையேயான தொடர்பு), நினைவக மேலாண்மை, நெட்வொர்க் என்று ஊரெல்லாம் கை வைக்கிறது. இதை எவன் சுமப்பான்? உள்ளே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு இடத்திலும் அது செய்வது ஏறக்குறைய ஒன்றுதான், துவக்கச் செயல்கூற்றின் தலையில் 'இந்த கான்ஃபிக் (கட்டும்போது தேர்ந்தெடுக்கும் தெரிவு) இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பு' என்று இரண்டு மூன்று வரி. உள்ளே இருக்கும் தர்க்கத்தைத் தொடுவதே இல்லை. யாராவது அந்தச் செயல்கூற்றை முழுசாக மாற்றி எழுதினாலும், தலையில் அந்த வரிகளைத் திரும்ப வைக்க ஒரு நிமிடம் போதும். இதற்கு மாறாக, ஒரே ஒரு கோப்பை மட்டும் தொட்டு, ஆனால் அதன் நடுவில் ஒரு ஸ்டிரக்டிலிருந்து (தரவுக் கட்டமைப்பு) புலம் ஒன்றைப் பிடுங்கும் பேட்ச் இருக்கிறதே, அது விஷம். அந்தப் புலத்தை அடுத்த பதிப்பில் புதிதாக எவரோ எங்கோ பயன்படுத்துவார், நீங்கள் கம்பைல் பிழையைத் துரத்திக்கொண்டு ஓடுவீர்கள். எத்தனை கோப்பைத் தொடுகிறது என்று எண்ணாதீர்கள், எந்த ஆழத்தில் தொடுகிறது என்று பாருங்கள்.

தொகுப்பை எதில் வைப்பது என்பது இதற்குள்ளேயே ஒரு குட்டிச் சண்டை. பேட்ச் கோப்புகளை வரிசையாக நிர்வகிக்கும் குயில்ட்டா, பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டின் கிளையா? குயில்ட்டில் பேட்சுகள் வெறும் கோப்புகள், வரிசை ஒரு சீரிஸ் கோப்பில், யாரும் திறந்து படிக்கலாம். அதன் ஆபத்து ஃபஸ். பேட்ச் கட்டளை சுற்றுவரிகள் சரியாகப் பொருந்தாவிட்டாலும், இயல்பாக இரண்டு வரி வரை விட்டுக்கொடுத்து ஒட்டிவிடும். துவக்கச் செயல்கூறுகள் எல்லாம் அண்ணன் தம்பி ஜாடையில் இருக்கும் ஒரு கோப்பில், என் 'திரும்பு' வரி ஒருமுறை பக்கத்துச் செயல்கூற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பைல் ஆனது, பூட் ஆனது, அளவும் குறைந்தது, எல்லாம் பச்சை. காணாமல் போனது வேறொரு கோப்பு என்பது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஃபஸ் பூஜ்யம் என்று கொடுக்காமல் குயில்ட் புஷ் செய்வதில்லை. ஒட்டவில்லை என்று கத்தட்டும், கத்துவது நல்லது.

கிட் கிளையில் வைத்து ரீபேஸ் செய்தால் (பேட்சுகளைப் புதிய பதிப்பின் மேல் மறுபடி ஏற்றினால்) மூன்றுவழி இணைப்பு கிடைக்கும், தவறான இடத்தில் சத்தமில்லாமல் ஒட்டும் வாய்ப்பு குறைவு. கிட்டின் ரெரெரெ வசதியைப் போட்டுவைத்தால் ஒருமுறை தீர்த்த கான்ஃபிளிக்டை (பேட்ச் மோதலை) அதுவே மறுபடி தீர்க்கும், ஆனால் தவறாகத் தீர்த்திருந்தால் அதையும் விசுவாசமாக நினைவில் வைத்திருக்கும், மறக்கச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. ரீபேஸுக்குப் பிறகு ரேஞ்ச்-டிஃப் போட்டு, பேட்சுக்குப் பேட்ச் என்ன மாறியது என்று பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். ரீபேஸ் வேண்டாம், மெர்ஜ் செய்துகொண்டே போகலாம் என்று ஒரு கட்சி உண்டு. இந்த வேலைக்கு அது சரிப்படாது. இரண்டு வருடத்தில் உங்கள் இருபது பேட்சும் வரலாற்றுக்குள் கரைந்துபோய், எந்த வரி யாருடையது, எதற்காக வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

என் ஓட்டு: ஒருவரே சுமந்தால் கிட் ரீபேஸ், பலர் கைமாறினால் குயில்ட் கோப்புகள்.

மெயின்லைன்

உள்ளே போய்விட்டால் சுமை உங்களுடையது மட்டுமல்ல. ஏபிஐயை (செயல்கூறுகளை அழைக்கும் முறையை) மாற்றுபவரே உங்கள் கிளையையும் மாற்றியாக வேண்டும். 2014-இல் ஜாஷ் டிரிப்லெட் டைனி முயற்சியை மறுபடி தொடங்கியபோது போன பாதை இதுதான்: தனி மரம் வளர்க்காமல், ஒவ்வொரு வசதியையும் அணைக்கக்கூடிய கான்ஃபிக்காக மாற்றி மேலே அனுப்புவது. மிகச் சிறிய கட்டமைப்பைத் தரும் மேக் டைனிகான்ஃபிக் இலக்கு அந்த அலையில் வந்தது. மல்டியூசர் தெரிவு 4.1-இல் சேர்ந்தது, அதை அணைத்தால் பல பயனர் ஆதரவே நீங்கி எல்லாம் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடும், சாதாரண கட்டமைப்பில் சுமார் 25 கிலோபைட் மிச்சம். நிக்கோலா பிட்ர் அனுப்பியதில், போசிக்ஸ் டைமர்களை அணைக்கும் தெரிவு 4.10-இல் ஏறியது. இவற்றை இன்று யாரும் ரீபேஸ் செய்வதில்லை. ஒரு கான்ஃபிக் வரி, அவ்வளவுதான்.

விலை என்ன? முதலில், நடை. கெர்னலின் நிரல் நடை ஆவணம் சி கோப்புகளுக்குள் இஃப்டெஃப் (நிபந்தனைக் கம்பைல் வரி) தூவுவதை விரும்புவதில்லை, தலைப்புக் கோப்பில் வெற்று ஸ்டப் (ஒன்றும் செய்யாத செயல்கூறு) வைத்துவிட்டு அழைக்கும் இடத்தை அப்படியே விடச் சொல்கிறது. வீட்டில் அரை மணியில் வெட்டியதை இப்படி மாற்றி எழுத நாலு நாள் ஆகலாம். நியாயமான விலை என்றுதான் சொல்வேன், அந்த வடிவம் உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் சுமக்க லேசு.

இரண்டாவது விலை, மறுப்பு. 2014-இல் ஆண்டி க்ளீன் நெட்வொர்க் அடுக்கை இளைக்க வைக்கும் தொகுப்பு ஒன்றை அனுப்பினார், அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் டேவிட் மில்லர் ஏற்கவில்லை. யார் பக்கம் சரி என்பதை விடுங்கள், பராமரிப்பாளரின் கணக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு புதுத் தெரிவும் சோதிக்க வேண்டிய சேர்க்கைகளைப் பெருக்குகிறது, பிழை வந்தால் கதவைத் தட்டுவது அவர் வீட்டில். உங்களுக்கு மிச்சமாகும் நாற்பது கிலோபைட் அவர் கணக்கில் வரவே வராது.

மூன்றாவது, உள்ளே போனது எல்லாம் நிரந்தரம் இல்லை. மாட் மக்காலின் ஸ்லாப் நினைவக ஒதுக்கி (SLOB, எழுத்து ஓ வரும் அந்தச் சின்னது) 2006-இல் 2.6.16-இல் நுழைந்து, 2023-இல் 6.4-இல் வெளியேறியது. ஒதுக்கியின் கேஷிலிருந்து எடுத்த பொருளை வெறும் கேஃப்ரீ செயல்கூற்றால் விடுவிக்க அது இடம்தரவில்லை, மற்றவர்களின் குறியீட்டை எளிமையாக்க அது தடையாக இருந்தது. ஆனால் அதை எடுப்பதற்கு முன்பே 6.2-இல் ஸ்லப்-டைனி என்று மாற்று ஒன்று வந்து நின்றது. அது ஸ்லாபைவிட ரேம் கொஞ்சம் அதிகம் கேட்கலாம், ஆனால் பதினேழு வருடம் ஒரு நினைவக ஒதுக்கியை வேறொருவர் செலவில் ஓட்டிவிட்டு, போகும்போது மாற்றும் கிடைப்பது நல்ல பேரம். தனித் தொகுப்பில் ஒரு ஒதுக்கியைப் பதினேழு வருடம் சுமப்பதை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

லிங்கரும் கம்பைலரும்

பேட்சே வேண்டாம், பயன்படாததைக் கருவியே தூக்கிப்போடட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு செயல்கூற்றையும் தனிப் பிரிவில் வைத்து, யாரும் சுட்டாத பிரிவை லிங்கர் குப்பையில் தள்ளும் வசதி மெயின்லைனிலேயே இருக்கிறது, மிப்ஸ், பவர்பிசி போன்ற சில செயலிக் கட்டமைப்புகளுக்கு. மாட்யூல்கள் கேட்காத எக்ஸ்போர்ட்களை (அவற்றுக்கெனத் திறந்துவிட்ட பெயர்களை) நீக்கும் தெரிவு 4.7-இலிருந்து. கிளாங் கம்பைலர் வழி எல்டிஓ (இணைக்கும்போது முழு நிரலையும் செம்மையாக்குவது) 5.12-இலிருந்து, ஜிசிசி எல்டிஓ இன்னும் வெளியேதான். எல்டிஓ அளவைக் குறைக்கவே பிறந்ததும் அல்ல, கோப்பு எல்லை தாண்டி இன்லைன் செய்யக் (அழைப்புக்குப் பதிலாகச் செயல்கூற்றையே நகலெடுத்து வைக்க) கிளம்பினால் சில இடங்களில் ஊதவும் செய்யும்.

ஆனால் லிங்கருக்குத் தெரிவது சுட்டுகிறதா இல்லையா என்பது மட்டும்தான். நிரல்கள் கெர்னலைக் கூப்பிடும் சிஸ்டம் கால்களின் அட்டவணை ஒவ்வொரு அழைப்பையும் சுட்டுகிறது, இனிட்கால் பட்டியல் ஒவ்வொரு துவக்கத்தையும் சுட்டுகிறது. உங்கள் கருவியில் யாரும் அந்த அழைப்பைக் கூப்பிடவே மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், லிங்கருக்குத் தெரியாது. ஆக, மனிதன் கான்ஃபிக்கில் வேரை வெட்டினால் லிங்கர் கிளைகளை உதிர்க்கும், வேரைத் தொடாமல் விட்டால் அது சொற்பத்தைத்தான் உதிர்க்கும். இந்த வழி மற்ற இரண்டுக்கும் போட்டி இல்லை, துணை. பராமரிப்புச் செலவு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் இதை முதலில் போட்டுவிட்டு, பிறகு உங்கள் பேட்சுகளை மறுபடி அளந்து பாருங்கள், சிலவற்றின் பலன் ஆவியாகியிருக்கும்.

உறைந்து போவது

வேலை செய்கிற பழைய கெர்னலில் பேட்சுகளோடு நின்றுவிடுவது. நெட்வொர்க்கே இல்லாத கருவிக்குச் சரி. இணையத்தைத் தொடும் கருவிக்கு ஸ்டேபிள் திருத்தங்களை (பழைய பதிப்புகளுக்கு வரும் பிழைத்திருத்தங்களை) எடுத்தே ஆக வேண்டும், அவையும் உங்கள் பேட்சுகளோடு மோதும், ஆக உறைந்ததாக நினைத்ததும் உறையவில்லை.

சரி, நான் என்ன செய்கிறேன்? புதிய பதிப்புக்கு ஏறும்போது முதலில் பேட்ச் எதுவும் இல்லாமல், கான்ஃபிக்கையும் லிங்கர் தெரிவுகளையும் மட்டும் வைத்துக் கட்டுகிறேன். பிறகு ஒவ்வொரு பேட்சாக ஏற்றி, விஎம்லினக்ஸ் எவ்வளவு, சுருக்கிய இமேஜ் எவ்வளவு, பூட் செய்தியில் வரும் நினைவக வரி என்ன சொல்கிறது என்று மூன்று எண்ணை அந்தப் பேட்சின் தலைப்பிலேயே தேதியோடு எழுதுகிறேன். ஸ்டப் வடிவில் எழுத முடிந்ததை மெயின்லைனுக்கு அனுப்புகிறேன், மறுத்தால் அந்த வடிவிலேயே ஹேக் அலமாரிக்குப் போகிறது. செயல்கூற்றின் நடுவயிற்றில் கை வைப்பது எதுவானாலும், இரண்டு பதிப்பு தொடர்ந்து கான்ஃபிளிக்ட் கொடுத்து, தலைப்பில் இருக்கும் எண்ணும் ஒரு பக்கத்தை, அதாவது நான்கு கிலோபைட்டைத் தாண்டவில்லை என்றால் நீக்கிவிடுகிறேன். போன தடவை அப்படி நீக்கியதில் ஒன்று, நான் மிகவும் பெருமைப்பட்டு எழுதியது.