பாரிஸ் நீதிமன்றமா, நடுவர் மன்றமா?
புதுச்சேரியில் சூரிய மின்தகடு பதிக்கும் நிறுவனத்துக்கும் அதன் பிரெஞ்சுக் கூட்டாளிக்கும் பணத்தகராறு எழுந்தால், பாரிஸ் நீதிமன்றத்தை நாடுவதா, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் தீர்ப்பளிக்கும் நடுவர் மன்றத்தை நாடுவதா?

தெருவுக்குத் தெரு நீலப் பலகையில் பிரெஞ்சுப் பெயர் தாங்கிய ஊர் இது. ஆனாலும் நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்கீழ், தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் நாடாகப் பிரான்ஸ் அறிவிக்கப்படாததால், அந்நாட்டுத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்ற இயலாது. அதன் அடிப்படையில் புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும்.

பாரிஸில் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பையோ, வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை ஏற்ற நம் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோரலாம். எதிர்த்தரப்பு அச்சட்டத்தின் 48-ஆம் பிரிவிலுள்ள சில காரணங்களைக் காட்டித்தான் தடுக்க இயலும். நடுவர் கட்டணம் சிறு நிறுவனத்துக்குச் சுமைதான். ஆயினும், எல்லை தாண்டிய மின்திட்டங்களுக்கு நான் நடுவர் மன்றத்தையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.