‘புதுசு மாதிரி’ என்று சொல்லி விற்ற ரீலோடிங் பிரஸ்: பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஹூஸ்டனுக்கு வெளியே உள்ள சுடும் களத்தில், என் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலில் ஏழாவது தோட்டாவைச் சுட்டேன். ‘டமார்’ என்று வரவேண்டிய சத்தம் ‘டப்’ என்று வந்தது. கையில் உதையே இல்லை. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு அசையவில்லை. போட்டிக்குப் பழகிய கை என்பதால், அடைப்பு என்று நினைத்து ஸ்லைடைப் பிடித்து இழுக்கப் போய்விட்டேன். பின்னால் நின்ற பெரியவர் “ஸ்டாப்!” என்று கத்தினார். துப்பாக்கியைக் காலி செய்து, பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. குண்டு குழாயின் நடுவில் சிக்கி நின்றது. இன்னொரு தோட்டாவை ஏற்றிச் சுட்டிருந்தால் பேரல் என் கையிலேயே வெடித்திருக்கலாம்.

அந்தத் தோட்டா நான் வீட்டில் செய்தது. செய்த மெஷின் ஒரு ரீலோடிங் பிரஸ், அதாவது சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் மறுபடி பவுடரும் குண்டும் வைத்துப் புதுத் தோட்டாவாக்கும் கருவி. அது ‘முழுசா புதுப்பித்தது’ என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன், இன்னொருவருக்கு இது நடக்கக்கூடாது.

முதலில் ஒரு விஷயம். இங்கே அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய கூட்டாட்சிச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை, தொழிலாக விற்பதற்குத்தான் வேண்டும். ஆனால் எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் தோட்டா வைத்திருப்பதற்கே பொதுவாகத் தடை உண்டு, விலக்குகள் சிலவே. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இதை இங்கே சட்டப்படி செய்யக்கூடியவர்களுக்காக மட்டுமே எழுதுகிறேன்.

நான்கு வருடமாக சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில்தான் செய்துகொண்டிருந்தேன். அதில் லீவரை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலைதான் நடக்கும். பழைய ப்ரைமரை (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடியை) வெளியே தள்ள ஒரு இழுப்பு, கூட்டின் வாயை விரிக்க ஒன்று, குண்டை உட்கார வைக்க ஒன்று. ஒரு மணி நேரத்தில் அறுபது, எழுபது தோட்டா வந்தால் அதிகம். மாதம் இரண்டு போட்டிக்குப் போகிறவனுக்கு இது போதாது. ப்ராக்ரெசிவ் பிரஸ்ஸில் வட்டமான ஷெல் பிளேட்டில் நாலைந்து பித்தளைக் கூடுகள் ஒரே நேரத்தில் நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு வேலை நடந்து, கடைசியில் ஒரு முழுத் தோட்டா விழும். மணிக்கு முந்நூறு, நானூறு சாதாரணம்.

புதிதாக வாங்கினால், கூடுகளைத் தானாகவே எடுத்துக் கொடுக்கும் கேஸ் ஃபீடரோடு நல்ல விலை ஆகும். பழைய மெஷின்களை வாங்கிச் சரிபார்த்து விற்கும் ஒரு கடை பக்கத்து மாநிலத்தில் இருந்தது. போனில் பேசியவர், “ஒன்பது மில்லிமீட்டருக்கு எல்லாம் செட் பண்ணியாச்சு. பெஞ்சில் போல்ட் போட்டு முடுக்கினால் போதும். பவுடர் அளவு குறைந்தாலோ கூடினாலோ சத்தம் போடும் செக் டையும் சேர்த்துத் தருகிறோம்” என்றார். 1,150 டாலர் கார்டில் கொடுத்தேன்.

பெட்டி வந்தபோது மேலே பளபளவென்று புது பெயின்ட். செக் டை இல்லை. கேட்டதற்கு “அடுத்த வாரம் வரும்” என்றார்கள், இன்று வரை வரவில்லை. அதற்காகக் காத்திருக்காமல் அன்று இரவே நூறு தோட்டா செய்தது என் தப்பு. இருபது இழுப்புக்கு ஒருமுறை ஷெல் பிளேட் முழுசாகத் திரும்பாமல், ஒரு நூல் அளவு முன்னாலேயே நின்றது. நான் கட்டைவிரலால் தள்ளிவிட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தேன். எனக்குப் புது மெஷின், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

களத்தில் அது நடந்த பிறகு மீதி 93 தோட்டாக்களையும் பிரித்தேன். எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த அளவுத் தோட்டாவில் பவுடர் நாலைந்து கிரெய்ன்தான், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வித்தியாசத்திலேயே அது மறைந்துவிடும். குண்டு பிடுங்கும் சுத்தியலில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தட்டி, பவுடரைத் தராசில் கொட்டிப் பார்த்தேன். இரண்டில் பாதிதான் இருந்தது. ஒன்றில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறிய தட்டில் அந்தக் குவியலைப் பார்த்தபோது கை நடுங்கியது. குழந்தைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கத்தி நிறுத்திய அதே பெரியவர் வீட்டுக்கு வந்து மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். பிளேட்டைத் தள்ளும் சின்னத் துண்டு தேய்ந்து மழுங்கியிருந்தது. பவுடர் அளக்கும் பாகத்தின் ஸ்பிரிங் அந்த மாடலுடையதே இல்லை. அதனால் உள்ளே நகரும் கட்டை சில இழுப்புகளில் தன் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை, பவுடர் பாதிதான் விழுந்தது. பிளேட் திரும்பாத நேரத்தில் நான் மறுபடி லீவரை இழுத்தபோது அதே கூட்டில் இரண்டாவது தடவையும் விழுந்தது. பெயின்ட் மட்டும்தான் புதுசு.

கடைக்குப் போன் செய்தேன். முதல் தடவை, “நீங்கள் சரியாக அட்ஜஸ்ட் செய்யவில்லை” என்றார்கள். இரண்டாவது தடவை, பவுடர் பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கார்டு கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். பெட்டிக்குள் இருந்த பில்லின் அடியில், பொடி எழுத்தில், ‘உள்ளது உள்ளபடி விற்பனை’ என்று இருந்ததைக் கடைக்காரர்கள் காட்டினார்கள். விளம்பரத்தில் இருந்த ‘முழுசா புதுப்பித்தது’ என்ற வரி அதற்குள் மாறிவிட்டது. நான் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை. பணம் போனது போனதுதான்.

பழையது வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் மாடலைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். டில்லன் கம்பெனியின் 550-இல் பிளேட்டை நாமே கையால் திருப்ப வேண்டும், 750-இல் தானாகத் திரும்பும். அவர்களுடைய ஸ்கொயர் டீல் பி-க்குத் தனி டைகள் (ஒவ்வொரு வேலையையும் செய்யும் அச்சுகள்), மற்ற பிரஸ்ஸின் டைகள் அதில் ஏறாது. ஹோர்னடி கம்பெனியின் லாக்-என்-லோட் ஏபி ஐந்து ஸ்டேஷன் (கூடு நிற்கும் ஐந்து இடங்கள்), தானாகத் திரும்பும். விற்பவர் சொல்வதை மட்டும் கேட்காமல், எந்தப் பாகம் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று தயாரித்த கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பவுடரும் ப்ரைமரும் இல்லாமல் வெறும் கூட்டைப் போட்டு லீவரை ஐம்பது தடவை இழுத்துப் பாருங்கள். ஒருமுறை பிளேட் தயங்கினாலும் வாங்காதீர்கள். இரண்டு தடவை விழுந்தால் கூட்டை விட்டு வழிந்துவிடும் அளவுக்குப் பருமனான பவுடராகத் தேர்ந்தெடுப்பதும் நல்லது, கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நான் இப்போது கையால் திருப்பும் மெஷின் ஒன்றைப் புதிதாகவே வாங்கியிருக்கிறேன். பவுடர் விழும் இடத்துக்கு மேலே சின்ன எல்ஈடி விளக்கு பொருத்தி, குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். மணிக்கு இருநூறு வந்தால் போதும்.

அந்தக் கடையின் விளம்பரம், அதே புது பெயின்ட் படத்தோடு, திரும்பவும் வந்திருக்கிறது. ஹூஸ்டன் பக்கம் யாராவது பழைய பிரஸ் வாங்குவதாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் நானும் வருகிறேன், லீவரை இழுத்துப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்கலாம்.