ஹேமவதியில் புளூஸ்: உவர்மலை கிற்றார் வகுப்பு எப்படி?

புளூஸ் ஸ்கேல் (புளூஸ் இசைக்கான ஸ்வர வரிசை) என்றால் பல வகுப்புகளில் பாடம் ஒரே நாளில் முடிந்துவிடும். சுத்த தன்யாசி என்ற ஐந்து ஸ்வர ராகத்துக்குள் ஒரு பிரதி மத்திமத்தைச் (ம2) செருகிக் கொடுத்து, மேலும் கீழும் ஓட்டச் சொல்வார்கள். திருகோணமலை உவர்மலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் இந்தச் சிறிய வகுப்பு அப்படியில்லை. நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம், முழுவதும் ஒரே ஸ்கேல்தான். மேற்கில் அதற்கு டோரியன் ஷார்ப் ஃபோர் என்று பெயர். நமக்கு, அதாவது கர்நாடக சங்கீதத்தில், 58ஆவது மேளம் (தாய் ராகம்), ஹேமவதி. கட்டணம் 4,000 ரூபா. ஐந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

ஏ-யை ஆதார சட்ஜமாக வைத்தால் ஸ்வரங்கள் ஏ, பி, சி, டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி. அதாவது ச ரி2 க2 ம2 ப த2 நி2. வழக்கமான புளூஸில் இரண்டு மத்திமமும் உண்டு. இதில் சுத்த மத்திமம் (ம1, இங்கே டி) கிடையாது. பதிலுக்கு ரிஷபமும் தைவதமும் வந்து சேருகின்றன. புளூஸின் கசப்பெல்லாம் க2, ம2, ப என்ற மூன்றுக்குள்தான் இருக்கிறது, அது அப்படியே தங்கிவிடுகிறது. காதுக்குப் புதிதாகப் படுவது க2-க்கும் ம2-க்கும் நடுவே விழும் மூன்று அரைச் ஸ்வர இடைவெளி.

வகுப்பின் பெரிய பலம் ஆதார ஸ்வரத்தை இடைவிடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டி. முதல் இரண்டு வாரமும் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எதுவும் இல்லை. பெட்டியை ஆறு கட்டைக்கு (ஏ சுருதிக்கு) வைத்து, அதன் மேல்தான் வாசிப்பு. இதற்குச் சரியான காரணம் இருக்கிறது. இந்த ஸ்கேலுக்கு இணையத்தில் அதிகம் கிடைக்கும் பின்னணி ஏ மைனரும் பி7-உம் மாறி மாறி வருவது. இரண்டு கோர்ட்டின் ஸ்வரங்களும் ஸ்கேலுக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் பி7 கேட்டவுடன் காது ஈ மைனரைத் தேடிப் போகும், ஏழெட்டுச் சுற்றுக்குள் சட்ஜமே இடம் மாறிவிடும். ஹேமவதி வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களை ஈ-இலிருந்து தொடங்கும் ஈ ஹார்மோனிக் மைனர் வாசித்துக்கொண்டிருப்போம். சுருதி ஒலித்துக்கொண்டிருந்தால் அந்தச் சறுக்கல் வராது.

பெட்டியில் மத்திமச் சுவிட்ச் இருந்தால் அதை நிறுத்தியிருக்க வேண்டும். அது சுத்த மத்திமம், ம2-ஓடு மோதும். முதல் வாரம் பஞ்சமத்தையும் நிறுத்திவிட்டுச் சட்ஜத்தோடு மட்டும் பழகுவது நல்லது. ஐந்தாம் தந்தியை (ஏ) பெட்டியோடு சேர்த்துவிட்டு மற்றத் தந்திகளை அதிலிருந்து கூட்டவேண்டும். போன் டியூனரை நம்பிக் கூட்டினால் பெட்டி ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்போது எல்லா ஸ்வரமும் பிசகும். கரண்ட் போனால் பெருவிரலால் ஐந்தாம் தந்தியைத் திறந்தபடி தட்டிக்கொண்டு மேல் தந்திகளில் வாசிக்கலாம். அதையும் இங்கே சொல்லித் தருகிறார்கள்.

கையில் தரும் போட்டோக்கொப்பிதான் சரியில்லை. தந்திக்கு மூன்று ஸ்வரம் என்ற கணக்கில் போட்டிருக்கிறார்கள். அதனால் மூன்றாம் தந்தியில் 5, 8, 9ஆம் ஃப்ரெட் (கிற்றார் கழுத்தின் கட்டம்) என்று வருகிறது. சுட்டுவிரல் 5-இல் இருக்கச் சின்ன விரல் 9-க்கு நீளவேண்டும். சின்னக் கையுள்ள பிள்ளைகளுக்கு மணிக்கட்டு மடங்கிப்போகும், ம2 மந்தமாக ஒலிக்கும். அந்த சி ஸ்வரத்தை நான்காம் தந்திக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆறாம் தந்தி 5, 7, 8. ஐந்தாம் தந்தி 6, 7, 9. நான்காம் தந்தி 5, 7, 9, 10. இங்கே 9-இலிருந்து 10-க்குச் சின்ன விரலையே வழுக்க வேண்டும். மூன்றாம் தந்தி 8, 9. இரண்டாம் தந்தி 7, 8, 10. முதல் தந்தி 7, 8, 11, 12.

இப்படிப் பிடித்தால் மூன்றாம் தந்தி 8, 9, 8, பிறகு நான்காம் தந்தி 10, 9, 7 என்ற துண்டு கைக்குள்ளேயே கிடக்கும்: மபமகரிச. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில், தட்டுக்கு இரண்டு ஸ்வரம். ம2-இலிருந்து க2-க்கு இறங்கும்போது தந்தி மாறுகிறது. மூன்றாம் தந்தியில் இருக்கும் விரலை முழுதும் எடுக்காமல் இலேசாகத் தளர்த்தினால் பழைய ஸ்வரம் இழுபடாது. இந்த ஒரு துண்டு சுத்தமாக வராமல் 80-க்கு ஏற்றுவதில் பலன் இல்லை.

மூன்றாம் வாரத்தில் வகுப்பு தடுமாறுகிறது. பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட புளூஸ் பின்னணியைப் போட்டுவிட்டு, இதே ஸ்கேலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்கிறார்கள். ஏ7-இன் மேல் அது அழகுதான். கோர்ட்டின் சி ஷார்ப்போடு நம் சி உரசுவதுதான் புளூஸின் ருசி. ஆனால் 5, 6, 10ஆம் பார்களில் டி7 வருகிறது. அதன் அடித்தளமே டி. அங்கே டி ஷார்ப்பில் நின்றால் சுருதி பிசகியதுபோல்தான் கேட்கும். அந்த மூன்று பாரிலும் ம2-ஐ ம1 ஆக்கவேண்டும், அதாவது ம1 உள்ள கரகரப்பிரியா ராகத்துக்குப் போய்த் திரும்பவேண்டும். 9-இலும் 12-இலும் ஈ7. அங்கேயும் டி இருப்பதால் ம2-இல் தங்காமல் தொட்டுவிட்டு ஓடினால் போதும். பிள்ளைகள் கேட்டால் சேர் விளங்கப்படுத்துகிறார், கேட்காவிட்டால் விட்டுவிடுகிறார். கேளுங்கள்.

நான்காம் வாரம் கமகமும் (ஸ்வரத்தை அசைப்பது) பெண்டும் (தந்தியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்துவது). சங்கீதம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் க2-ஐ அகலமாக அசைப்பார்கள்; புளூஸுக்கு அவ்வளவு வேண்டாம், கால் ஸ்வர அளவுக்கு மேலே தள்ளினால் போதும். ம2-ஐப் பஞ்சமம்வரை அரைச் ஸ்வரம் இழுக்கும் பயிற்சிக்கு 9 முதல் 42 வரை தடிப்புள்ள எலெக்ட்ரிக் தந்தி தோதானது. 12-இல் தொடங்கும் அக்கூஸ்டிக் செட்டில் மூன்றாம் தந்தி மேலே கம்பி சுற்றப்பட்டது. அதை இழுக்க முயன்று விரல் நுனியைக் கிழித்துக்கொள்ளாமல் 8-இலிருந்து 9-க்கு வழுக்கினால் சரி.

அக்கூஸ்டிக்கோடு போகலாம், ஆனால் முதல் தந்தியும் இரண்டாம் தந்தியும் உதிரியாக உறையில் இருக்கட்டும். கடற்காற்று உப்பு வெறும் இரும்புத் தந்தியைச் சீக்கிரம் சொரசொரப்பாக்கிவிடும்; சொரசொரத்த தந்தியில் வழுக்கல் வராது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள்.