பரந்தூர் மனையா, பழைய ஃப்ளாட்டா, ரீட்டா? 40 லட்சத்தை எங்கே போடுவது?

பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதிலிருந்து காஞ்சிபுரம், சுங்குவார்சத்திரம் பக்கத்து மனை விளம்பரங்களில் ‘ஏர்போர்ட் பக்கத்தில்’ என்ற வரி தவறாமல் வருகிறது. கையில் 40 லட்சம் வைத்திருப்பவர் அங்கே மனை வாங்கலாம். தாம்பரம் பக்கம் பழைய ஃப்ளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம். ரீட் (REIT) யூனிட்டும் வாங்கலாம்; பலரிடம் பணம் திரட்டி, வாடகை தரும் பெரிய கட்டடங்களை வைத்து, வரும் வாடகையைப் பங்கிட்டுத் தரும் அமைப்பு அது, அதன் பங்குதான் யூனிட். மூன்றிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: விலை ஏறாமலே கிடந்தால், அதுவரை கைக்கு என்ன வரும்?

மனையிலிருந்து ஒன்றும் வராது. போகத்தான் செய்யும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் 3.6 லட்சம். அந்த 43.6 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் 5 ஆண்டில் 61 லட்சம் ஆகியிருக்கும். வருமான வரியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மனை 61 லட்சத்துக்குப் போனால்தான் வங்கிக்குச் சமம். அன்றைக்கு வாங்க வருபவர் பதிவுச் செலவோடு 66 லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அவர் வீடு கட்டிக் குடியேற வருகிறாரா, இன்னும் கூடுதல் விலைக்குக் கைமாற்ற வருகிறாரா? குடியேற ஆள் வராத இடத்தில் விலையைத் தாங்கி நிற்பது அடுத்து வருபவரின் நம்பிக்கை மட்டும்தான். அதற்குப் பெயர் ஊகம். தெரிந்தே செய்தால் தப்பில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை முதலீடு என்று நம்பி அதில் போடுகிறார்களே, அதுதான் மனதை உறுத்துகிறது.

காலமும் நம் கையில் இல்லை. விமான நிலையத்துக்காக நிலம் கேட்கப்படும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் தங்கள் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சட்டம் மாறினாலும் மாட்டிக்கொள்வது மனைக்காரர்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, அவசரத்துக்கு விற்க நினைத்தவர்கள் திண்டாடிப்போனார்கள். வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017இல்தான் வந்தது.

பழைய ஃப்ளாட் இவ்வளவு படுத்தாது. மாதம் 10,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 3 சதவீதம். வீட்டு வரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் போக இரண்டரை நின்றால் நல்லது. வங்கி வட்டியைவிடக் குறைவுதான், ஆனால் மாதாமாதம் வரும். கட்டடம் தேயும், தேயாதது பத்திரத்தில் இருக்கும் பிரிபடாத நிலப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்குரிய பங்கு. ஒரே விலையில் இரண்டு ஃப்ளாட் வந்தால், டைல்ஸைப் பார்க்காமல் அந்தப் பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள். கட்டுமானத்தில் இருக்கும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டியும் உண்டு, தாமதமும் உண்டு. வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும்படி கட்டுநருக்கு ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொன்னாலும், வாடகை வருமானம் தேடுபவருக்கு அது ஒத்துவராது.

ரீட்டில் பத்திரப்பதிவு இல்லை, ஒரு யூனிட்கூட வாங்கலாம். சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வருமானம் தருவதாக இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைப் பங்கிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஆனால் 2019இல் 300 ரூபாய்க்கு வெளியான எம்பசி ரீட், 2023இலும் அந்த விலையை ஒட்டித்தான் நின்றது. இடையில் பங்கீடு வந்துகொண்டிருந்தது என்பதுதான் மனைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

என் கையில் 40 லட்சம் இருந்தால் பெரும்பகுதியை வாடகை வரும் இடத்தில்தான் போடுவேன். மனை ஆசை விடவில்லை என்றால் போனாலும் தாங்கக்கூடிய 8, 10 லட்சத்துக்கு மேல் வேண்டாம், கடன் வாங்கி அறவே வேண்டாம். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் எல்லாம் சரியாக இருந்தாலும், சர்வே எண் கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஏரிகள் நிறைந்த பகுதி அது. ஐப்பசி மழையில் ஒருநாள் போய் அந்த மனையில் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.