சிகரெட்டைக் கைவிட வேப்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் வேப் எனப்படும் மின் சிகரெட் பக்கம் வர வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவருக்குத்தான் இதில் லாபம். மற்றவருக்கு இது புதிதாக ஒரு நிகோடின் பழக்கம், அவ்வளவுதான். நான் இருப்பது லண்டனில். கல்லூரி நாட்களில் தொற்றிக்கொண்ட சிகரெட்டை தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம் என்று எதை வைத்தும் விட முடியாமல், வேப்பை வைத்துத்தான் விட்டேன். இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனில் சட்டப்படி கிடைக்கும் பொருட்களைப் பற்றி. இந்தியாவில் 2019-லிருந்து இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை.

கருவி ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஒரு பேட்டரி, ஒரு சிறு டேங்க், அதற்குள் பஞ்சு சுற்றிய ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். காயில் சூடாகி, பஞ்சில் ஊறியிருக்கும் லிக்விடை ஆவியாக்குகிறது. லிக்விடில் இருப்பது நான்கு பொருட்கள்: பி.ஜி. எனப்படும் புரோப்பிலீன் கிளைக்கால், வி.ஜி. எனப்படும் தாவரக் கிளிசரின், நிகோடின், சுவையூட்டி. எதுவும் எரிவதில்லை என்பதுதான் முக்கியம். சிகரெட்டில் தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலை எரிவதால் வருபவை. வேப்பில் அந்த இரண்டும் இல்லை. அதற்காக வெளியே வருவது வெறும் நீராவி என்று நம்பிவிடக் கூடாது. கெடுதலான வேதிப்பொருட்கள் குறைந்த அளவில் அதிலும் உண்டு. பல பத்தாண்டுகள் இழுத்தவர்களின் உடல்நிலை பற்றிய ஆய்வு இன்னும் வரவில்லை, ஏனென்றால் பொருளே அவ்வளவு பழையதில்லை.

கடைக்குள் நுழைந்ததும் புதியவர் தடுமாறும் இடம் கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான். இரண்டு வகை இழுப்பு இருக்கிறது. சிகரெட் மாதிரி முதலில் வாயில் தேக்கி, பிறகு நெஞ்சுக்குள் எடுப்பது ஒன்று. நேரடியாக நுரையீரலுக்கே இழுத்து, மேகம் மேகமாக விடுவது இன்னொன்று. சிகரெட்டிலிருந்து வருபவருக்கு முதல் வகைதான் சரி. அதற்கு லிக்விட் குப்பியைக் கழற்றி மாட்டும் ஒரு சின்ன 'பாட்' கருவி போதும். மின்தடை 1 ஓமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ உள்ள காயில், 10 முதல் 20 வாட் வரை சக்தி, இறுக்கமான காற்றோட்டம். பெரிய மேகம் விடும் கருவிகள் அரை ஓமுக்கும் கீழே ஓடுபவை. லிக்விடையும் பேட்டரியையும் குடித்துத் தீர்க்கும்.

என் மைத்துனருக்கு யாரோ அப்படி ஒரு பெரிய கருவியைக் கொடுத்துவிட்டார்கள். அதில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் சால்ட்டை (தொண்டையை உறுத்தாத நிகோடின் வகை) ஊற்றி நாலு இழுப்பு இழுத்தவர், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். "மாமா, இதுக்கு சிகரெட்டே தேவலை" என்று சொல்லி, அன்றோடு வேப்பை விட்டு மறுபடி பாக்கெட்டுக்கே போய்விட்டார். அது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பெரிய கருவிக்கு 3 மில்லிகிராம் லிக்விடே போதும். அதே 20 மில்லிகிராம் சின்னக் கருவியில் அவருக்குச் சரியாகவே இருந்திருக்கும். கருவியும் நிகோடின் அளவும் சேர்ந்துதான் ஜோடி. இதைச் சொல்லித் தர ஆளில்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்களோ!

நிகோடின் அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. டேங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது, நிகோடின் உள்ள பாட்டில் 10 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஆட்கள் பலர் "குறைவாகவே தொடங்குவோம், நல்லதுதானே" என்று 3-ஐயோ 6-ஐயோ சின்னக் கருவிக்கு வாங்குகிறார்கள். உடம்பு கேட்கிற நிகோடின் கிடைக்காது, சாயங்காலம் சிகரெட் தேடி வரும். தினமும் ஒரு பாக்கெட்டை நெருங்குபவர் 18, 20 என்று தொடங்கினால்தான் தாக்குப்பிடிக்க முடியும். எங்கள் பகுதி புகை நிறுத்தச் சேவையில் இருந்த ஆலோசகர் எனக்கு 20 சால்ட்டைத்தான் பரிந்துரைத்தார். சால்ட் வகை தொண்டையில் அறையாமல் இறங்கும். வேப்பும் சிகரெட்டும் மாற்றி மாற்றிப் பிடிப்பதில் பெரிய பலன் இல்லை, முழுக்க மாறினால்தான் நன்மை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது காயில்தான். புது காயில் போட்டால் டேங்கை நிரப்பிப் பத்து நிமிடமாவது வைத்திருங்கள், பஞ்சு நன்றாக ஊறட்டும். ஊறாமல் இழுத்தால் பஞ்சு கருகி, அந்தக் கருகல் வாடை காயிலை மாற்றும்வரை போகாது. எனக்கு ஒரு காயில் ஒன்றிரண்டு வாரம் வரும். ரொம்ப இனிப்பான லிக்விட் போட்டால் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். அதனால் இப்போது புதினா தவிர வேறு எதையும் தொடுவதில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டிலை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். வாய்க்குள் போனால் அது விஷம்.

உடம்பில் தெரிந்த மாற்றங்கள்: ஆரம்ப வாரங்களில் இருமல் இருந்தது, பிறகு அடங்கியது. வாய் உலர்வது இன்றும் உண்டு, தண்ணீர் பாட்டில் எப்போதும் பக்கத்தில். நாக்கில் ருசி திரும்பி வந்தது, ரசத்தில் மிளகு தனியாகத் தெரிந்தது. ரயில் நிலையப் படிகளில் இப்போது மூச்சு வாங்குவதில்லை. செலவும் நன்றாகக் குறைந்தது. இங்கே ஒரு பாக்கெட் சிகரெட் 15 பவுண்டைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தில் வாரக் கணக்குக்கு லிக்விட் வாங்கலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் டிஸ்போசபிள் வேப்களை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை செய்துவிட்டார்கள். அதை முழு மனதோடு வரவேற்கிறேன். லித்தியம் பேட்டரியைத் தெருவில் வீசுகிற பழக்கத்தை எப்படியாவது நிறுத்தத்தான் வேண்டும்.

இனி, எனக்குப் பிடிக்காத பக்கம். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு: எரிந்து தீர்ந்ததும் அணைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவோம். வேப்புக்கு அப்படி முடிவே இல்லை. மேஜையில், காரில், படுக்கையில் என்று கை தானாகப் போகும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், கம் போன்றவை பெற்றவர்களில் 9.9 சதவீதம்தான். ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிகரெட்டை விட்டதோடு வேலை முடியவில்லை என்று எனக்குப் புரியவைத்த எண் அது.

அதனால் அளவைப் படிப்படியாக இறக்கினேன்: 20-லிருந்து 10, பிறகு 6, இப்போது 3. இறக்கும்போது உடம்பு ஈடுகட்டப் பார்க்கும், அதிகமாக இழுக்கத் தோன்றும். எண்ணை மட்டும் குறைத்தால் போதாது, நேரத்தையும் இடத்தையும் குறைக்க வேண்டும். முதலில் படுக்கையறையில் நிறுத்தினேன், அப்புறம் காரில். இப்போது வீட்டுக்கு வெளியே நின்றுதான். மழையும் குளிருமாக இருக்கும் நாட்களில் "வேண்டாம், விடு" என்று பாதி தடவை தானாகவே தோன்றிவிடுகிறது. 6-லிருந்து 3-க்கு வந்ததுதான் மிகவும் கடினமாக இருந்தது, நிறைய எரிச்சல், தூக்கமின்மை. அவசரப்பட வேண்டாம். மறுபடி சிகரெட் பிடிப்பதைவிட இன்னும் ஒரு மாதம் அதே அளவில் இருப்பது எவ்வளவோ மேல்.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் கருவியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பேட்டரி இருப்பதால் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போவதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியச் சட்டத்தில் இறக்குமதி, விற்பனை போன்றவற்றுக்கு முதல் முறைக்கே ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஊருக்குப் போகும் நாட்களுக்கு நான் 2 மில்லிகிராம் நிகோடின் கம் வாங்கி வைத்துக்கொள்கிறேன். மென்றுகொண்டே இருக்காமல், காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும்.