இன்ஸ்பயர் 2, இன்ஸ்பயர் 3: பறக்கும் விதத்தில் எது எங்கே முந்துகிறது?

தொழில்முறைப் படப்பிடிப்பு ட்ரோன்களில் பழையதையும் புதியதையும் எடைபோடும்போது பேச்சு பெரும்பாலும் கேமராவோடு நின்றுவிடுகிறது. 6கே போதுமா 8கே வேண்டுமா, சூப்பர் 35 சென்சாரா ஃபுல் ஃப்ரேம் சென்சாரா என்ற கேள்விகளுக்கு விவரக்குறிப்பைப் புரட்டினாலே விடை கிடைத்துவிடும். ஸ்டிக்கைப் பிடிக்கும் பைலட்டின் கவலை வேறு: இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது, எப்படி நிற்கிறது, எப்படி இறங்குகிறது, காற்றடித்தால் எவ்வளவு அலைகிறது? 2016 நவம்பரில் டிஜேஐ அறிமுகப்படுத்திய இன்ஸ்பயர் 2-ஐயும், 2023 ஏப்ரலில் அதே நிறுவனம் கொண்டுவந்த இன்ஸ்பயர் 3-ஐயும் இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் வேகத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 94 கிலோமீட்டர்தான். ஸ்போர்ட் மோடில் இரண்டுமே 40 பாகை வரை சாய்கின்றன. எடையும் ஏறக்குறைய ஒன்றே: இன்ஸ்பயர் 2-இன் உடலும் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 3,440 கிராம், அதில் எக்ஸ்7 கேமராவையும் லென்ஸையும் மாட்டினால் 4 கிலோவைச் சற்றே தாண்டும்; இன்ஸ்பயர் 3 கேமரா உட்பட 3,995 கிராம். ஓடும் வாகனத்தைத் துரத்திப் படமெடுப்பதற்காக மட்டும் புதியதை வாங்க நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். வேகத்தில் உண்மையான பாய்ச்சல் நடந்தது இதற்கு முந்தைய தலைமுறையில்தான். 2014-இல் வந்த இன்ஸ்பயர் 1 ஒற்றை பேட்டரியில் 18 நிமிடம் பறந்தது, நொடிக்கு 22 மீட்டரைத் தாண்டவில்லை. அதிலிருந்து இரட்டை பேட்டரிக்கும், நின்ற நிலையிலிருந்து 5 நொடியில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் விசைக்கும் இன்ஸ்பயர் 2 தாவியது. இன்ஸ்பயர் 3 அந்த எல்லையை நகர்த்தவே இல்லை.

அது நகர்த்தியது நிற்பதன் எல்லையை. ஒரு மல்டிரோட்டர் ட்ரோனுக்குத் தனியாக பிரேக் கிடையாது. எதிர்த்திசையில் சாய்ந்துதான் அது வேகத்தைக் கொல்ல வேண்டும். உயரம் குறையாமல் 40 பாகை சாய்ந்தால் நொடிக்கு நொடி ஏறக்குறைய 8 மீட்டர் வேகம் குறையும். 55 பாகை சாய்ந்தால் 14 மீட்டர் குறையும். இன்ஸ்பயர் 3 அவசர நிறுத்தத்தின்போது அந்த 55 பாகை வரை சாயும். முழு வேகத்தில், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், முதலாவது கணக்கில் ஏறக்குறைய 41 மீட்டரும் இரண்டாவதில் 24 மீட்டரும் ஓடித்தான் ட்ரோன் நிற்கும். களத்தில் இந்த எண்கள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. ஆனால் இது உயிர்காக்கும் வசதியே தவிர ஷாட்டுக்கான வசதி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 55 பாகையில் நின்ற ட்ரோன் எடுத்த காட்சியின் கடைசி நொடிகளை எந்த எடிட்டரும் வைத்துக்கொள்ள மாட்டார்.

ஷாட்டின் முடிவு அழகாக அமைவது வேறு விஷயம், அங்கே பழைய இயந்திரத்துக்கு இன்னமும் ஒரு வலு உண்டு. இன்ஸ்பயர் 2-இன் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள சுவிட்சில் பி, எஸ் (ஸ்போர்ட்), ஏ என்று மூன்று நிலைகள் இருக்கும். பி-யில் ஸ்டிக்கை விட்டவுடன் ட்ரோன் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தில் நின்றாக வேண்டும் என்று முரண்டு பிடிக்கும். சாய்வை கிம்பல், அதாவது கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கி, மறைத்துவிடும், ஆனால் முன்னால் நகர்ந்துகொண்டிருந்த மரங்களும் கட்டடங்களும் திடீரென உறைவதை எந்த கிம்பலாலும் மறைக்க முடியாது. ஏ மோடில் உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இடத்தை விட்டுவிடும். ஸ்டிக்கைத் தளர்த்தினால் தன் வேகத்திலேயே வழுக்கிச் சென்று, காற்றின் தடையால் மெல்ல மெல்ல ஓய்கிறது. காட்சி மூச்சை வெளிவிடுவதுபோல் முடியும். இதற்குக் கை பழக வேண்டும், பக்கவாட்டுக் காற்றைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அருகில் கட்டடம் இருந்தால் இதைத் தொடவே கூடாது. இன்ஸ்பயர் 3-இன் சுவிட்சில் இருப்பவை என் (நார்மல்), எஸ் (ஸ்போர்ட்), டி (டிரைபாட்) ஆகிய மூன்று எழுத்துகள். ஏ மோடில் கை பழகிய பைலட்டுகளுக்கு இந்த மாற்றம்தான் முதலில் உறுத்துகிறது, அந்த உறுத்தல் நியாயமானது என்பது என் எண்ணம். பிரேக்கின் உணர்திறனையும் ஸ்டிக்கின் வளைவையும் மென்மையாக்கிக்கொண்டால் அந்த வழுக்கலுக்கு மிக அருகில் வரலாம். அருகில்தான் வரலாம், அதுவாகவே ஆகிவிட முடியாது.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். நேர் கீழாக இறங்கும் ட்ரோன், தன் இறக்கைகளே கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள் தானே விழுகிறது. அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் தூக்குவிசை கைவிட்டு, உடல் ஆடத் தொடங்கும். இதனால்தான் இன்ஸ்பயர் 2-இன் நேர் இறக்கம் நொடிக்கு 4 மீட்டரோடு கட்டப்பட்டிருக்கிறது. முன்னோக்கிச் சாய்ந்தபடி இறங்கினால் செயலியில் அமைப்பை மாற்றி 9 மீட்டர் வரை போகலாம். இன்ஸ்பயர் 3 நேராகவே 8 மீட்டர் வேகத்திலும், சாய்ந்து 10 மீட்டர் வேகத்திலும் இறங்குகிறது. 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு முகத்தை நோக்கி இறங்கிவரும் கிரேன் பாணி ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் அது குறைந்தது 15 நொடி. இயக்குநர் 10 நொடியில் கேட்டால், எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுக் காட்சியில் உள்ளவர்களை மெதுவாக நடக்கச் சொல்ல வேண்டியிருக்கும். புதியதில் அந்த 10 நொடிக்குள், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மெதுவான பகுதிகளை ஒதுக்கிய பிறகும், ஷாட்டை நேரடியாக முடிக்கலாம். ஏறும் வேகமும் 6 மீட்டரிலிருந்து 8 ஆகியிருக்கிறது, ஆனால் ஏற்றம் எப்போதும் சிக்கலாக இருந்ததில்லை. இரண்டையும் பறக்கவிட்டுப் பார்ப்பவருக்குக் கையில் உடனே தெரியும் வேறுபாடு இறக்கத்தில்தான் இருக்கிறது.

ஓரிடத்தில் நிற்பதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதை நிதானமாகப் படிக்க வேண்டும். வெறும் செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் இன்ஸ்பயர் 2 கிடைமட்டமாக ஒன்றரை மீட்டர், உயரத்தில் அரை மீட்டர் என்ற அளவுக்குள் நிற்கும் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. இன்ஸ்பயர் 3-இன் விவரக்குறிப்பிலும், ஆர்டிகே (செயற்கைக்கோள் காட்டும் இடத்தைத் திருத்தித் துல்லியமாக்கும் முறை) இல்லாத நிலைக்கு, அதே எண்கள்தான் உள்ளன. உடலுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் ஆர்டிகே, தரையில் உள்ள நிலையத்திலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ திருத்தத் தரவைப் பெறும்போதுதான் அலைவு 10 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. தரை நிலையத்தைக் கொண்டுபோகாமல், வலையமைப்புச் சேவையும் எடுக்காமல் இன்ஸ்பயர் 3-ஐப் பறக்கவிடுபவர், நிலைநிற்பைப் பொறுத்தவரை பழைய இயந்திரத்தையே புதிய விலையில் பறக்கவிடுகிறார்.

ஆர்டிகே வேலை செய்யும்போது கிடைப்பதோ நிலைநிற்பைவிடப் பெரியது: ஒரே பாதையைத் திரும்பத் திரும்பப் பறக்கும் திறன். காலையில் பறந்த பாதையை அதே உயரம், அதே கேமராக் கோணம், அதே வேகத்தோடு இரவில் மீண்டும் பறந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். நடிகர்களோடு ஒருமுறை, வெற்று மைதானமாக ஒருமுறை எடுத்து விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுவிடம் கொடுக்கலாம். இன்ஸ்பயர் 2-இலும் வழிப்புள்ளிகளை வைத்துப் பறக்க முடியும், ஆனால் இரண்டு சுற்றுகளுக்கு இடையே மீட்டர் கணக்கில் விலகல் வரும்போது அருகிலுள்ள பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. இதை எந்தக் கைத்திறனாலும் ஈடுகட்ட முடியாது. பாதையை முன்கூட்டியே வரைந்துவிட்டு, அதன்மேல் ட்ரோனை ஸ்டிக்கால் முன்னும் பின்னும் ஓட்டும் 3டி டாலி வசதியும் இதே துல்லியத்தை நம்பித்தான் நிற்கிறது.

காற்றைப் பொறுத்தவரை, இன்ஸ்பயர் 2 நொடிக்கு 10 மீட்டர் வரையிலான காற்றைத் தாங்கும் என்று குறிக்கப்பட்டது. இன்ஸ்பயர் 3-க்கு ஏறி இறங்கும்போது 12 மீட்டர், பறக்கும்போது 14 மீட்டர். தாங்குவது என்பது விழாமல் இருப்பதே. அந்தக் காற்றில் நீண்ட லென்ஸை மாட்டினால் படம் அசையாமல் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

தடைகளை உணர்வதில் பழையதன் குறை எந்தப் பக்கம் என்பது பைலட்டுகளுக்கு நன்றாகத் தெரியும். இன்ஸ்பயர் 2 முன்பக்கம் 30 மீட்டர் வரை பார்க்கிறது, மேலே 5 மீட்டர் வரை அகச்சிவப்பால் உணர்கிறது, கீழேயும் பார்க்கிறது. பின்பக்கமும் பக்கவாட்டும் குருடு. முன்பக்கப் பாதுகாப்பும் சாய்வை 25 பாகைக்குள் கட்டுவதால் வேகம் 54 கிலோமீட்டரில் நின்றுவிடும். ஒரு முகத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் பறந்து நிலப்பரப்பை விரித்துக் காட்டும் ஷாட், அதாவது இத்தகைய ட்ரோன்களிடம் அதிகம் கேட்கப்படும் ஷாட், அந்தக் குருட்டுப் பக்கத்தில்தான் நடக்கிறது. பின்னால் ஒருவரை வாக்கிடாக்கியோடு நிறுத்தாமல் அதை எடுப்பது சூதாட்டம். இன்ஸ்பயர் 3 எல்லாத் திசையிலும் பார்ப்பதால் அந்தப் பயம் குறைகிறது, ஆனால் மெல்லிய கம்பியும் கண்ணாடியும் இருட்டும் பார்வை உணரிகளை இன்னமும் ஏமாற்றுகின்றன; அந்த ஆளை அனுப்பிவிட வேண்டாம்.

கேமராவின் கோணம் பறத்தலைப் பாதிப்பதும் உண்டு. வேகமாக முன்னே பாயும்போது மூக்கு தாழ்வதால், அகன்ற லென்ஸ் மாட்டியிருந்தால் முன் இறக்கைகளின் நுனி சட்டகத்தின் மேல் விளிம்பில் படபடக்கத் தொடங்கும். கேமரா பின்னோக்கியிருக்க ட்ரோன் பிரேக் போட்டால் பின் இறக்கைகள் அதையே செய்யும். இது இரண்டு இயந்திரங்களுக்கும் பொது, பைலட் தன் சாய்வைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும். மேல்நோக்கிப் பார்க்கும் ஷாட்டுகளில் மட்டும் புதியது கை கொடுக்கிறது: கால்களை இறக்கிய நிலையிலேயே பறந்தால் கேமரா 80 பாகை வரை மறைப்பின்றி மேலே பார்க்கலாம். பாலத்தின் அடியில் நுழைந்து வெளியேறும் காட்சிக்கு இது போதும். விலையாகப் பறக்கும் நேரம் 28 நிமிடத்திலிருந்து 26 ஆகக் குறையும். எக்ஸ்7 மாட்டிய இன்ஸ்பயர் 2 இதற்கு முன்பே, 23 நிமிடத்தில், இறங்கிவிட்டிருக்கும்.

எதை வைத்துக்கொள்வது? இன்ஸ்பயர் 2 கைவசம் இருந்து, வேலை பெரும்பாலும் திறந்த வெளியில் ஒருமுறை எடுக்கும் ஷாட்டுகளாக இருந்தால், பறக்கும் விதத்துக்காக மட்டும் மாற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நேர் இறக்கம், பின்னோக்கிய பறத்தல், ஒரே பாதையை மீண்டும் பறத்தல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மாதந்தோறும் கேட்கப்பட்டால் இன்ஸ்பயர் 3 தன் இடத்தைச் சம்பாதித்துவிடும். பழைய ட்ரோனை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர் அதன் பேட்டரிகளின் வயதைப் பார்க்க வேண்டும்; பலமுறை சார்ஜ் செய்து பழசாகிய பேட்டரியில், பறத்தலின் கடைசிப் பகுதியில் முழு விசை கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று சரியும், எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்கு அந்த விசைதான் தேவைப்படும்.