ஏ5 அளவில் கையேடு அச்சிடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மென்பொருள் கையேடு ஒன்றை ஏ5 அளவில் வடிவமைக்க ஒருவரிடம் கொடுத்து ஏமாந்துவிட்டேன். மூலக்கோப்பு, கையேடுகளை வடிவமைக்கும் மென்பொருளான டெக்இன்ஃபோவில் இருந்தது. "சின்ன அளவு எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன்.

முதலில் வந்த பிடிஎஃப் திரையில் நன்றாகத்தான் இருந்தது. தாளில் எடுத்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஏ4-க்கு அமைத்த பக்கத்தை அப்படியே 71 சதவீதமாகச் சுருக்கியிருந்தார். 10 பாயின்ட் எழுத்து 7 பாயின்ட் ஆகிவிட்டது. அடிக்குறிப்புகளைப் படிக்கவே முடியவில்லை.

திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை உண்மையிலேயே ஏ5-க்கு அமைத்திருந்தார். எழுத்தின் அளவு சரியாக இருந்ததால் நம்பி அச்சுக்கு அனுப்பினேன். அங்கேதான் பெரிய அடி.

உரைநடை எந்தத் தாளிலும் மடங்கிக்கொள்ளும். கணினியில் அடிக்க வேண்டிய கட்டளை வரிகள் மடங்காது. அவற்றுக்குப் பயன்படும், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட கம்ப்யூட்டர் மாடர்ன் டைப்ரைட்டர் எழுத்துரு 10 பாயின்ட்டில் ஓர் எழுத்துக்கு 5.25 பாயின்ட் இடம் எடுக்கும். 80 எழுத்து வரி என்றால் 420 பாயின்ட், ஏறக்குறைய 148 மி.மீ. ஏ5 தாளின் மொத்த அகலமே அவ்வளவுதான்! இருபுறமும் 18 மி.மீ. ஓரம் விட்டால் 60 எழுத்துக்குத்தான் இடம்.

வரி எல்லை தாண்டினால் டெக்இன்ஃபோ அதன் பக்கத்தில் கறுப்புப் பட்டை போட்டுக் காட்டிக்கொடுக்கும். இவர் வரிகளை உடைக்கவில்லை. ஃபைனல்அவுட் என்ற கட்டளையைச் சேர்த்துப் பட்டைகளை மட்டும் மறைத்துவிட்டார். நீள வரிகளின் வால் தாளுக்கு வெளியே போய்விட்டது. பார்ப்பவருக்கு வரி அங்கேயே முடிந்ததுபோலத் தெரியும்.

ஆர்சிங்க் என்பது கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் நிரல். கோப்புகளை நீக்கும் ஓர் ஆர்சிங்க் கட்டளையின் கடைசியில், எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கச் சொல்லும் ட்ரை-ரன் என்பதை எழுதியிருந்தேன். அச்சில் அது இல்லை. நம்பி அடிப்பவருக்கு ஒத்திகை நடக்காது, கோப்புகள் நிஜமாகவே அழிந்துவிடும். இதை நினைத்தால் இன்னும் பதறுகிறது. அச்சான படிகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டேன். கேட்டதற்கு, "உங்கள் வரிதான் நீளம்" என்று பதில் வந்தது. பணம் திரும்பவில்லை.

கையேடு கொடுக்கிறீர்களா? ஃபைனல்அவுட் இல்லாத பிடிஎஃப்பையும், அதை உருவாக்கும்போது எச்சரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். லாகில் 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று தேடினால் எந்த வரி, எத்தனை பாயின்ட் மீறியது என்று தெரியும். அப்புறம், கட்டளைகள் நிறைந்த ஒரு பக்கத்தை 100 சதவீத அளவிலேயே அச்செடுத்து, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.